பாய் விரிவதற்கு முந்திய துறைமுகம்

ரொறன்ரோத் துறைமுகத்துக்கு வசந்தம் நாட்காட்டியைப் பார்த்து வருவதில்லை. மார்ச் 20ஆம் திகதியோடு குளிர்காலம் முடிந்துவிட்டது என்று வானொலியில் சொல்லிக்கொண்டிருப்பார்கள். ஏரிக்கரைப் படகுத்துறைகளிலோ மெல்லிய பனிக்கட்டி இன்னும் கரையாமல் கிடக்கும். ஏப்ரல் நடுப்பகுதி வரைக்கும் எதிரே தெரியும் தீவுகளின் மரங்களில் ஓர் இலையைக்கூடக் காண முடியாது. பருவம் மாறிவிட்டது என்பதற்கு நான் நம்பும் அறிகுறி வேறொன்று. குளிர்காலம் முழுவதும் கரையில் ஏற்றி நிறுத்தப்பட்டு, வெள்ளைப் பிளாஸ்ரிக் உறைக்குள் இறுகச் சுற்றப்பட்டிருந்த பாய்ப்படகுகளின் உறைகளை உரிமையாளர்கள் கத்தியால் கிழித்து இறக்கத் தொடங்குவார்கள். அந்த வார இறுதியில்தான் கமராவைத் தூக்கிக்கொண்டு இறங்க வேண்டும்.

இந்தத் துறைமுகத்தைப் படமெடுப்பவர்களில் பெரும்பாலானோர் ஜூலை மாதத்துக்காகக் காத்திருக்கிறார்கள். நீல நீர், வெண்பாய், பின்னால் 553 மீற்றர் உயரமான சி.என். கோபுரம் என்ற அந்தப் படத்தை நானும் எடுத்து வைத்திருக்கிறேன். விமான நிலையக் கடைகளில் அஞ்சலட்டையாக அடுக்கியிருக்கும் படத்திலிருந்து அதைப் பிரித்தறிவது கடினம். கோடையில் படகு ஓட்டுபவர்கள் எல்லோரும் ஏரியின் நடுவே போய்விடுவதால், கரையில் நிற்பவருக்கு முக்கோணங்கள் மட்டுமே மிஞ்சுகின்றன. ஏப்ரல் மூன்றாம் வாரத்திலிருந்து மே முடியும்வரை அவர்கள் கரையிலேயே, கைக்கெட்டும் தூரத்தில், கையும் காலும் அழுக்காக வேலை செய்துகொண்டிருப்பார்கள். பொழுதுபோக்கு என்ற பெயரில் மனிதர்கள் எவ்வளவு கடினமாக உழைக்கிறார்கள் என்பதைப் படமாக எடுக்க வேண்டுமானால் அந்த ஐந்தாறு வாரங்களை விட்டால் வேறு தருணம் கிடைக்காது.

படகுகளை நீரில் இறக்கும் நாள்தான் இதில் முதன்மையானது. துறைமுகத்தின் மேற்கு வாயிலுக்கு அருகே நெஷனல், அலெக்ஸாண்ட்ரா என்ற இரண்டு பழைய படகுக் கழகங்கள் அடுத்தடுத்து இருக்கின்றன. முன்னையது 1894இலும் பின்னையது 1906இலும் தொடங்கப்பட்டவை. குளிர்காலத்தில் அவற்றின் வளவுகள் பாய்மரம் கழற்றப்பட்ட படகுகளால் நிரம்பியிருக்கும். வசந்தத்தில் ஒரு வார இறுதியைக் குறித்துக்கொண்டு, பெரிய பாரந்தூக்கி ஒன்றை வாடகைக்கு எடுத்து, காலை தொடங்கி மாலை வரைக்கும் ஒன்றன்பின் ஒன்றாக எல்லாப் படகுகளையும் தண்ணீரில் விடுவது இங்குள்ள கழகங்களின் வழக்கம். பாரந்தூக்கிக்கான வாடகை அதிகம் என்பதால் எவரும் நேரத்தை வீணாக்குவதில்லை. உறுப்பினர்களே குழுக்களாகப் பிரிந்து, ஒரு குழு வார்ப்பட்டைகளை மாட்ட, இன்னொரு குழு படகு காற்றில் சுழன்றுவிடாதபடி அணியத்திலும் பின்புறத்திலும் கட்டிய கயிறுகளைப் பிடிக்க, மூன்றாவது குழு நீரில் இறங்கிய படகை அதன் இடத்துக்கு இழுத்துச் செல்லும்.

கழக வளவு தனியார் இடம் என்பதால் வாசலில் நின்று அனுமதி கேட்க வேண்டும். சில இடங்களில் தலைக்கவசம் ஒன்றைக் கையில் தந்து, மஞ்சள் கோட்டைத் தாண்ட வேண்டாம் என்று சொல்லி உள்ளே விடுவார்கள்; சில இடங்களில் விடமாட்டார்கள். விடாவிட்டாலும் பெரிய இழப்பு இல்லை. பக்கத்திலுள்ள பொதுப் பூங்காக்களிலிருந்து பார்த்தாலே பாரந்தூக்கியின் உச்சியும் அதில் தொங்கும் படகும் நன்றாகத் தெரியும். அவற்றில் ஒன்றின் பெயர் லிற்றில் நோர்வே பூங்கா. இரண்டாம் உலகப் போரின்போது தாய்நாட்டை ஜேர்மனியிடம் இழந்த நோர்வே விமானப்படையினர் 1940இலிருந்து இந்த இடத்தில் முகாமிட்டுப் பயிற்சி பெற்றார்கள் என்பதால் வந்த பெயர் அது. இடம்பெயர்ந்து வந்த நமக்கு அந்தப் பலகையைக் கடந்துபோகும்போது ஒரு கணம் நின்று வாசிக்கத் தோன்றும்.

தொங்கும் படகைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நீரில் மிதக்கும் பாய்ப்படகில் நாம் காண்பது அதன் பாதியைத்தான். காற்று சாய்க்கும்போது படகு கவிழாமல் எதிர்நிற்கும் கனத்த அடித்தகடும் சுக்கானும் நீருக்குள் மறைந்திருக்கும். வருடத்தில் இரண்டே தடவை, இறக்கும்போதும் ஏற்றும்போதும், அந்த முழு உருவமும் ஆகாயத்தில் தெரியும். அந்தக் கோலத்தில் எனக்கு மிகவும் பிடித்தது ஷார்க் எனப்படும் 24 அடிப் படகு. ஒஸ்திரியாவிலிருந்து கனடாவுக்கு வந்து குடியேறிய ஜோர்ஜ் ஹின்ரர்ஹோலர் 1959இல் இதே ஒன்ராறியோ ஏரியின் மறுகரையிலுள்ள நயாகரா ஒன் த லேக் ஊரில் வடிவமைத்தது. ஏரியைச் சுற்றியுள்ள கழகங்களில் இன்றைக்கும் அதைச் சாதாரணமாகக் காணலாம். பெரிய படகுகளுக்கிடையே சிறிதாகத் தோன்றினாலும், தூக்கி நிறுத்தியவுடன் அதன் கோடுகளின் கச்சிதம் வேறெதிலும் இல்லை என்று தோன்றும்.

அப்போது நடக்கும் ஒரு சிறு வேலையைப் பலர் கவனிப்பதில்லை. குளிர்காலத்தில் படகு நிற்கும் இரும்புத் தாங்குசட்டத்தின் திண்டுகள் அடிப்பக்கத்தில் நாலைந்து இடங்களில் ஒட்டிக்கொண்டிருப்பதால், பாசியும் சிப்பியும் பிடிக்காமல் தடுக்கும் பூச்சை அந்த இடங்களில் மட்டும் முன்கூட்டியே பூச முடியாது. பாரந்தூக்கி படகைச் சட்டத்திலிருந்து இரண்டடி உயர்த்திய உடனே, உரிமையாளர் உருளைத் தூரிகையோடு ஓடிப்போய், மங்கிப்போன அந்தச் சதுரங்களின்மேல் ஈரப் பூச்சைத் தேய்ப்பார். பாரந்தூக்கிக்காரர் கையைக் காட்டி அவசரப்படுத்துவார். மனைவியோ மகனோ பூச்சு வாளியைப் பிடித்துக்கொண்டு பின்னால் நகர்வார்கள். பல தொன் எடை பக்கத்திலேயே மெல்ல ஆடிக்கொண்டிருக்கும். சிவப்பும் நீலமுமான பூச்சு முழங்கை வரைக்கும் வழிந்திருக்கும் அந்தக் கையை 70 மி.மீ. வில்லையில், சற்றுத் தாழ்ந்து நின்று எடுத்தால், பின்னணியில் படகின் வளைவு மட்டுமே தெரியும். எனது வசந்தகாலப் படங்களில் நான் அச்சிட்டுச் சுவரில் மாட்டியிருப்பது அப்படியானதொரு படத்தைத்தான்; பார்க்க வருபவர்கள் அதை ஏதோ தொழிற்சாலைப் படம் என்று நினைக்கிறார்கள்.

பாய்மரத்தை நாட்டும் வேலை அடுத்து வரும். படகைவிட நீளமான அலுமினியக் கம்பத்தைச் செங்குத்தாக நிறுத்தி, அடிப்பகுதியை அதற்குரிய குழிக்குள் இறக்கி, சுற்றிலும் உருக்குக் கம்பிகளால் இழுத்துக் கட்டுவார்கள். அடிக்கம்பம் அமரும் இடத்தில் ஒரு நாணயத்தை வைப்பது பழைய கடலோடிகளிடமிருந்து வந்த வழக்கம். இங்கே சிலர் கனடிய ஒரு டொலர்க் குற்றியை வைக்கிறார்கள். கம்பம் இறங்கும் கணத்தில் அந்த நாணயத்தைப் படத்தில் பிடிப்பதற்கு அகன்ற வில்லையோடு படகின் தளத்திலேயே குனிந்திருக்க வேண்டும். அதற்கு உரிமையாளரின் நட்பு வேண்டும். நட்பு கிடைப்பது கடினமல்ல. கயிறு பிடிக்க ஓர் ஆள் குறையாமல் எந்தப் படகும் இறக்கப்படுவதில்லை என்பதால், கமராவைக் கழுத்தில் மாட்டிவிட்டு ஒரு முனையைப் பிடித்தால் போதும்.

கமரா பற்றிச் சில குறிப்புகள். வெள்ளைப் படகுகளும் வெள்ளைப் பிளாஸ்ரிக் உறைகளும் படச்சட்டத்தை நிறைக்கும்போது கமராவின் ஒளிமானி அவற்றைச் சாம்பல் நிறமாகக் கருதி ஒளியைக் குறைத்துவிடும். பனிக்காலப் படங்களில் நடப்பதுபோல முகங்கள் இருண்டுபோகும். ஒளியளவை முக்கால் அல்லது ஒரு படி கூட்டி வைத்துக்கொண்டு, மிகவும் பிரகாசமான இடம் வெளிறிப்போகவில்லை என்பதைத் திரையில் பார்த்துக்கொள்வது நல்லது. போலரைசர் வடிகட்டியைப் பலர் வில்லையிலிருந்து கழற்றுவதே இல்லை. நீர்ப்பரப்பை ஏறக்குறைய 37 பாகைச் சாய்வில் பார்க்கும்போது அது பிரதிபலிப்பை அநேகமாக முழுவதுமாக அகற்றிவிடும். இறங்குதுறையின் அடியில் ஓடும் மீனைக் காட்ட வேண்டுமென்றால் அது உதவும். ஆனால் காற்றில்லாத வசந்தக் காலையில், படகுகளின் பக்கவாட்டில் நீரிலிருந்து எழும் ஒளி வலைபோல நெளிந்து ஓடுவதுதான் துறைமுகத்தின் மிகச்சிறந்த காட்சி என்பது எனது கருத்து. அந்த நேரத்தில் பிரதிபலிப்பை அகற்றும் கருவி எதற்கு?

அந்த அசைவற்ற நீர் நெடுநேரம் நீடிப்பதில்லை. ஏப்ரலில் ஏரியின் நீர் 4, 5 பாகை செல்சியஸைச் சுற்றியே நிற்கும். மேயிலும் கைவிறைக்கும் குளிர்தான். நகரமோ வெயிலில் விரைவாகச் சூடேறிவிடும். சூடான நிலத்தின்மேல் காற்று மேலெழ, அந்த இடத்தை நிரப்ப ஏரியிலிருந்து குளிர்காற்று கரையை நோக்கி வரும். வெயில் நாட்களில் முற்பகல் கடந்ததும் இது தொடங்கி, கண்ணாடிபோலக் கிடந்த நீரைச் சிறிது நேரத்தில் கலைத்துவிடும். நகரின் கிழக்குப் பகுதியான ஸ்காபரோவிலிருந்து அரைக்கைச் சட்டையோடு புறப்பட்டு வரும் குடும்பங்கள் ஏரிக்கரையில் நடுங்கிக்கொண்டு நிற்பதற்கும் இதுதான் காரணம். நகரின் உட்பகுதியில் 20 பாகை இருக்கும் நாளில் கரையில் 10 பாகைகூட இராது. ஆகவே பிரதிபலிப்புகள் வேண்டுமென்றால் காலை 9 மணிக்கு முன்னும், பாய்கள் வேண்டுமென்றால் பிற்பகலிலும் போக வேண்டும். இரண்டையும் ஒரே நேரத்தில் எதிர்பார்த்தால் ஒன்றும் கிடைக்காது.

குளிர்ந்த நீரின்மேல் வெப்பக்காற்று வந்து படியும் நாட்களில் இன்னும் இரண்டு விடயங்கள் நிகழும். ஒன்று மூடுபனி: ஏரியிலிருந்து எழுந்து துறைமுகத்தை மட்டும் மூடி, கட்டடங்களின் மேல்மாடிகளை வெயிலில் விட்டுவைக்கும். மற்றையது கானல். ஐம்பது கிலோமீற்றர் தொலைவிலுள்ள தெற்குக் கரை, வழக்கமாகக் கண்ணுக்கே தெரியாதது, நீர்மட்டத்துக்கு மேலே தூக்கி வைத்ததுபோலத் தோன்றும். தூரத்துச் சரக்குக் கப்பல்களும் நீண்டும் உடைந்தும் தெரியும். அந்த நாட்களில் 400 மி.மீ. வில்லையால் தூரத்துப் படகை எடுத்தால் விளிம்புகள் கூர்மையாக வருவதில்லை. வில்லையில் குறை என்று பழுதுபார்க்கக் கொடுக்க வேண்டியதில்லை, குற்றம் காற்றினுடையது.

திசைக்கு வருவோம். நகரம் ஏரியின் வடகரையில் இருப்பதால், கரையிலிருந்து படகுகளைப் பார்ப்பவர் தெற்கே, நாள் முழுவதும் சூரியன் இருக்கும் பக்கமாகவே, கமராவை நீட்ட வேண்டியிருக்கும். பாய்மரங்களின் நிழலுருவங்களுக்கு அது பொருத்தம். முகங்களுக்கும் நிறங்களுக்கும் பொருத்தமல்ல. மறுபக்கம் போய்த் திரும்பிப் பார்ப்பதுதான் வழி, அதற்குத் தீவுப் படகைவிட மலிவான ஏற்பாடு கிடையாது. பே வீதியின் அடியிலுள்ள ஜக் லேற்றன் துறையிலிருந்து புறப்படும் பயணிகள் படகு கால் மணி நேரத்துக்குள் அக்கரைக்குப் போய்விடும். 1939இல் கட்டப்பட்ட சாம் மக்பிரைட், 1951இல் கட்டப்பட்ட தோமஸ் ரெனி ஆகிய இரண்டும் இருமுனைப் படகுகள். திருப்ப வேண்டிய தேவையின்றி எந்தப் பக்கமாகவும் ஓடும். ஆதலால் புறப்படும்போது நகரத்தைப் பார்க்கும் முனையில் நின்றுகொண்டால் முழுப் பயணத்திலும் காட்சி விலகிக்கொண்டே போகும், இடையில் குறுக்கிடும் படகுகள் எல்லாம் ஒளியில் நனைந்து தெரியும். கைப்பிடிக் கம்பியில் முழங்கையை ஊன்றக் கூடாது. இயந்திரத்தின் அதிர்வு அதன் வழியாகக் கமராவுக்கு ஏறும். உடம்பால் தாங்கிக்கொண்டு 1/500 விநாடியில் எடுப்பது பாதுகாப்பானது.

குளிர்காலத்தில் கிழக்கு முனையிலுள்ள வார்ட்ஸ் தீவுக்கு மட்டுமே படகு ஓடும். அங்கேதான் ஆண்டு முழுவதும் மக்கள் வசிக்கிறார்கள். வசந்தத்தின் தொடக்கத்தில் அங்கே இறங்குபவர்களில் பெரும்பாலோர் சைக்கிளும் மளிகைப் பைகளுமாக வீடு திரும்பும் தீவுவாசிகளாக இருப்பார்கள். இந்தத் தீவுகள் ஒரு காலத்தில் தீவுகளே அல்ல. கரையோடு ஒட்டிய மணல் முனையாக இருந்தவற்றை 1858 ஏப்ரலில் வந்த புயல் அறுத்துவிட, அந்த அறுப்புதான் இன்று சரக்குக் கப்பல்கள் நுழையும் கிழக்கு வாயில். ஏரி அந்த உரிமையை இன்னும் விட்டுக்கொடுக்கவில்லை. 2017 வசந்தத்தில் நீர்மட்டம் உயர்ந்து தீவுப் பூங்கா ஜூலை முடியும்வரை பொதுமக்களுக்கு மூடப்பட்டது; 2019இல் அதைவிடவும் உயர்ந்தது. மணல்மூட்டைகளுக்கு நடுவே, புல்வெளியின் நீரில் கெண்டை மீன்கள் நீந்துவதை அந்த ஆண்டுகளில் பலரும் படமெடுத்தார்கள்.

மே முதல் வாரத்தில் சூரியன் காலை 6 மணியளவில் எழுந்து இரவு 8.20 அளவில் மறைகிறது. ஒவ்வொரு மாலையும் அது மறையும் இடம் சிறிது சிறிதாக வடக்கே நகர்ந்துகொண்டு போகும். மே மாதத்தின் மூன்றாம் வாரமளவில் வார்ட்ஸ் தீவின் இறங்குதுறையில் நின்றால் சி.என். கோபுரத்தின் பக்கமாகவே சூரியன் இறங்குவதைக் காணலாம். முன்னால் மாலைப் பந்தயம் முடித்துத் திரும்பும் பாய்ப்படகுகள் கறுப்பாகக் கடந்து போகும். அஞ்சலட்டைப் படத்தைக் குறை சொல்லிவிட்டு இதைச் சொல்வது பொருத்தமில்லைதான். என்றாலும் கோபுரத்தையும் பாயையும் ஒன்றாக எடுத்தே தீரவேண்டும் என்பவர்கள் இந்த இடத்தையும் இந்த வாரத்தையும் குறித்துக்கொள்ளட்டும்.

வேலையும் ஓய்வும் ஒரே சட்டத்துக்குள் வரும் இடம் துறைமுகத்தின் கிழக்குப் பக்கத்தில் இருக்கிறது. றெட்பாத் சீனி ஆலை 1959இல், சென் லோரன்ஸ் கடல்வழி திறக்கப்பட்ட அதே ஆண்டில், இங்கே தொடங்கப்பட்டது. அதற்கு நேரெதிரே, முன்பு வாகனத் தரிப்பிடமாக இருந்த நிலத்தில், 2010இல் மணல் கொட்டி, இளஞ்சிவப்புக் குடைகள் 36ஐ நட்டு, சுகர் பீச் என்று பெயர் வைத்தார்கள். இடையில் இருப்பது ஒரு கப்பல் நிற்கும் அகலமுள்ள நீர் மட்டுமே. குளிர்காலத்தில் மூடியிருக்கும் கடல்வழி மார்ச் மாதக் கடைசியில் திறந்ததும் சுத்திகரிக்காத சீனி ஏற்றிய கப்பல்கள் வரத் தொடங்கும். பருவத்தின் முதற்கப்பலைக் கொண்டுவரும் தலைவருக்குத் துறைமுகத்தார் பழங்காலத் தொப்பி ஒன்றை அணிவித்து வரவேற்பது 19ஆம் நூற்றாண்டிலிருந்தே இருந்துவரும் சடங்கு. அதன் பின்னர் வரும் கப்பல்களை எவரும் வரவேற்பதில்லை, குடைகளின் கீழ் சாய்ந்திருப்பவர்களைத் தவிர.

மே மாதத்து வெயில் நாளொன்றில் அங்கே போய் உட்கார்ந்து பாருங்கள். கருநீலக் கப்பலின் பக்கச் சுவர் துருவும் உப்பும் வழிந்த கோடுகளோடு எதிரே எழுந்து நிற்கும். பாரந்தூக்கியின் இரும்புக் கவ்வி கப்பலின் வயிற்றுக்குள் இறங்கி, தவிட்டு நிறச் சீனியை அள்ளி, விளிம்பில் சிறிது சிந்திக்கொண்டே ஆலைக்குள் கொண்டுபோய்க் கொட்டும். காற்று இந்தப் பக்கம் திரும்பும்போது வெல்லப்பாகு காய்ச்சும் வாசனை மணற்பரப்பு முழுவதும் பரவும். இந்தப் பக்கத்தில் சாய்கதிரைகளில் அலுவலகக்காரர்கள் சப்பாத்தைக் கழற்றிவிட்டுக் காலை மணலில் புதைத்திருப்பார்கள். குழந்தைகள் சிவப்பு வெள்ளைக் கோடுபோட்ட பாறைமேல் ஏறிச் சறுக்குவார்கள். கப்பலின் தளத்தில் ஒரு மாலுமி கைப்பிடியில் சாய்ந்து இவர்களைப் பார்த்துக்கொண்டு நிற்பதும் உண்டு. மே மாதத்துக்கும் ஜூலைக்கும் இங்கே ஒரு வித்தியாசம்: வசந்தத்தில் இளஞ்சிவப்புக் குடையின் கீழே குளிருக்கான மேலங்கியோடு படுத்திருப்பவர்களைக் காணலாம். அந்த ஒரு விவரமே படத்துக்கு உயிர் கொடுக்கும். கப்பல் மேற்குப் பக்கத்தில் நிற்பதால் காலை ஒளிதான் அதன்மேல் நேராக விழும். பிற்பகலில் எதிரொளியாகிவிடும், அப்போது குடைகளின் துணியினூடாக வரும் ஒளியை நம்பி எடுக்கலாம்.

குயின்ஸ் கீ வீதியோரமாக மேற்கே நடந்தால் ஸ்பாடைனா, றீஸ், சிம்கோ வீதிகளின் முடிவில் அலைபோல வளைத்துக் கட்டிய மரத்தளங்கள் இருக்கின்றன. கட்டடக்கலை இதழ்களில் அவற்றை நிறையப் பார்த்துவிட்டோம். எனக்கு அவை படகுகளைப் பார்ப்பதற்கான உயர்ந்த படிக்கட்டுகள் என்ற அளவில் மட்டுமே பயன்படுகின்றன. 1999இல் திறந்த இசைத் தோட்டத்தின் முன்னாலுள்ள சிறு துறையில் சொந்தப் படகிலேயே குளிர்காலத்தைக் கழித்த சிலர் ஏப்ரலில் சன்னல்களைத் திறந்து போர்வைகளை வெயிலில் போடுவார்கள். அதற்காக அங்கே சற்று நேரம் நிற்கலாம். 1930இல் கட்டிய கஜாமா என்ற மும்மரப் பாய்க்கப்பலும் இதே கரையிலிருந்துதான் சுற்றுலாப் பயணிகளை ஏற்றிச் செல்கிறது. பயணிகள் இல்லாத நாளில் கயிறுகளுக்குள் தொங்கிக்கொண்டு பணியாளர்கள் வார்னிஷ் பூசுவது பயணத்தைவிட நல்ல படம்.

பணக்காரர்களின் விளையாட்டு என்று பாய்ப்படகை ஒதுக்கிவிடுபவர்கள் செரி பீச்சுக்குப் போக வேண்டும். வெளித்துறைமுகத்தை ஒட்டிய அந்தக் கரையில் சிறிய படகுகளுக்கான கழகங்கள் வரிசையாக இருக்கின்றன. கொள்கலன் பெட்டியும் கம்பி வேலியும்தான் அவற்றின் மாளிகை. அவற்றில் ஒன்று சென் ஜேம்ஸ் ரவுண் என்ற பெயரைத் தாங்கியது. எண்பதுகளில் அகதிகளாக வந்த ஈழத்தமிழர் பலர் முதன்முதலில் குடியிருந்த அடுக்குமாடித் தொகுதியின் பெயரும் அதுதான். மே மாத வார இறுதிகளில் இந்தக் கழகங்களின் உறுப்பினர்கள் ஒட்டுப்போட்ட படகுகளைக் கையால் தள்ளி நீருக்குள் விடுவார்கள். நீர் உயிரைப் பறிக்கும் குளிரில் இருப்பதால் எல்லோரும் நீர்புகா உடையும் மிதவை அங்கியும் அணிந்திருப்பார்கள். மரங்கள் இன்னும் துளிர்க்காத சாம்பல் நிறக் கரையில் அந்தச் செம்மஞ்சளும் மஞ்சளும் தவிர வேறு நிறமே இராது. நீர் தெறிப்பதைத் துளித்துளியாக நிறுத்த வேண்டுமானால் 1/1000 விநாடிக்கு மேலே போக வேண்டும். எனக்கு 1/60இல் படகோடு சேர்த்துக் கமராவையும் நகர்த்தி எடுப்பது பிடிக்கும். பத்தில் எட்டு கெட்டுப்போகும், மிச்சத்தில் காற்று தெரியும்.

ஸ்காபரோவிலுள்ள நம்மவர்களுக்கு அருகிலிருப்பது பிளவ்வர்ஸ் பூங்கா. செங்குத்தான களிமண் மலைமுகட்டின் அடியில் ஏரியைத் தூர்த்து உண்டாக்கிய நிலமும், அதற்குள் அலை புகாத படகுக் குடாவும், மிதக்கும் வீடுகளும் கொண்ட இடம் அது. முதல் வெப்பமான ஞாயிற்றுக்கிழமையில் பிரிம்லி வீதியின் இறக்கத்தில் வாகனங்கள் அசையாது நிற்கும். கீழே ஒரு பக்கம் படகுக்காரர்கள் மின்சாரத் தேய்ப்பானால் பழைய பூச்சைச் சுரண்டிக்கொண்டிருக்க, மறுபக்கம் கரி அடுப்பில் மிளகாய்த்தூளில் ஊறிய கோழிக்கால் வேகும். பெரியம்மாமார் மடக்குக் கதிரைகளில் காலுக்குமேல் போர்வை போட்டுக்கொண்டு படகுகளின் விலை என்னவாக இருக்கும் என்று கணக்குப் பார்ப்பார்கள். “தம்பி, எங்களையும் அந்த வள்ளத்தோட சேத்து ஒண்டு எடும்” என்று அழைக்காத நாளில்லை. எடுத்துக் கொடுத்த அந்தப் படங்களில் துறைமுகமும் இருக்கிறது, பொழுதுபோக்கும் இருக்கிறது. படகுக்காரரின் வேலையைவிட அதைக் குறைத்து மதிப்பிட எனக்கு மனம் வருவதில்லை.

மனிதர்களைப் படமெடுப்பது பற்றி அடிக்கடி கேட்கிறார்கள். பொது இடத்தில் நிற்பவரை எடுப்பதற்குச் சட்டத்தடை இல்லை என்றாலும், நெருங்கி எடுக்கும்போது கண்ணால் ஒரு முறை கேட்டுக்கொள்வேன். பயிற்சிப் படகுகளிலுள்ள பிள்ளைகளைப் பயிற்றுநரிடம் கேட்காமல் எடுப்பதில்லை. பறக்கும் கமராவை இங்கே எவரும் நினைக்கவே வேண்டாம். தீவின் மேற்கு முனையில் பில்லி பிஷப் விமான நிலையம் இயங்குகிறது, துறைமுகம் முழுவதும் அதன் கட்டுப்பாட்டு வான்பரப்புக்குள் அடங்குகிறது.

எடுத்த படங்களை அவற்றில் இருப்பவர்களுக்கு மின்னஞ்சலில் அனுப்பி வைப்பது என் வழக்கம். படகுக்காரர்கள் உடனே பதில் எழுதுவார்கள், ஆனால் நாம் பார்க்கும் எதையும் அவர்கள் பார்ப்பதில்லை. மே மாத மாலையொன்றில் மேற்கு வாயிலைக் கடந்து, பருவத்தின் முதற்காற்றில் நன்றாகச் சாய்ந்து வந்த ஒரு படகை, பாயினூடாக ஒளி வழியும் தருணத்தில் எடுத்து அதன் உரிமையாளருக்கு அனுப்பியிருந்தேன். கரையில் உரசாமலிருக்கப் பக்கவாட்டில் தொங்கவிடும் மிதவைகளைத் துறையை விட்டுப் புறப்பட்டதும் உள்ளே எடுத்து வைக்க வேண்டும் என்பது பாய்ப்படகுக்காரர்களிடையே ஒழுங்கு. எடுக்காமல் ஓடுபவரைப் பார்த்து மற்றவர்கள் சிரிப்பார்கள். அவருடைய பதில் ஒரே வரியில் வந்தது: இடது பக்கத்தில் மிதவை ஒன்று தொங்குகிறது, கழகத்தில் எவருக்கும் இதைக் காட்டிவிடாதீர்கள்.